ஏப்ரலில் ஏன் போகவில்லை?

கேள்வி: நான் கொல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருமகள் வங்கதேசத்தின் ராஜ்ஷாகியைச் சேர்ந்தவள். கங்கையின் குறுக்கே மேற்கு வங்கத்தில் நாம் கட்டிய ஃபராக்கா கதவணையின் பேச்சு வந்தால் எனக்கும் சம்பந்திக்கும் சண்டைதான். கங்கையை நாம் வற்றடித்துவிட்டோமாம். துறைமுகம் தூர்ந்துபோகும் கவலை அவருக்கு இல்லை. "ஏப்ரலில் வந்து ஆற்றைப் பாருங்கள்" என்று ஒருமுறை கூப்பிட்டார். வெயிலுக்குப் பயந்து போகவில்லை. இப்போது பேச்சே நின்றுவிட்டது. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: வெயிலுக்குப் பயந்தீர்களா? பெண்ணைக் கொடுத்தவர் வாய்விட்டு அழைத்திருக்கிறார். அதை ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்களே ஐயா, உங்கள் வழக்கு அந்த வரியிலேயே தோற்றுவிட்டது.

உங்கள் துறைமுகம் இருக்கும் ஹூக்ளி ஆற்றின் வண்டலை அடித்துச் செல்ல விநாடிக்கு 40,000 கன அடி நீர் வேண்டும் என்றுதான் 1975இல் ஃபராக்கா கதவணை இயங்கத் தொடங்கியது. உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் மேல்மடை, அவர் கடைமடை. ஏப்ரலில் ராஜ்ஷாகி கரையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல் திட்டு. அதைப் பார்க்காமல் அவருக்கு எதைப் புரியவைக்கப் போகிறீர்கள்?

1988 முதல் 1996 வரை இரு நாடுகளுக்கும் இடையே கங்கை நீருக்கு எந்த உடன்பாடும் இல்லை. 1996 டிசம்பர் 12இல் அன்றைய பிரதமர்கள் தேவ கவுடாவும் ஷேக் ஹசீனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் பங்கு முடிவானது. ஃபராக்காவுக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ வந்தால் ஆளுக்குப் பாதி. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் மே 31 வரை வங்கதேசப் பொறியாளர்கள் ஃபராக்காவில் வந்து உட்காருகிறார்கள். நம்மவர்கள் வங்கதேசத்தில் இதே ஆற்றின் மேல் உள்ள ஹார்டிஞ்ச் பாலத்துக்குப் போய் உட்காருகிறார்கள். அந்தந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து தினமும் நீரை அளந்து குறிக்கிறார்கள். அடுத்தவன் சொன்ன கணக்கை நம்பவேண்டிய அவசியமே இல்லை. சம்பளத்துக்குப் போகும் மனிதர்கள் ஐந்து மாதம் அந்த வெயிலில் நிற்கிறார்கள். சொந்தச் சம்பந்திக்காக உங்களால் இரண்டு நாள் நிற்க முடியவில்லை.

ஒப்பந்தத்தின் முப்பது ஆண்டு 2026 டிசம்பரோடு முடிகிறது. அதைப் புதுப்பிப்பது அரசுகளின் வேலை. உங்கள் வீட்டில் பேச்சைப் புதுப்பிக்கவேண்டியவர் நீங்கள்தான். மேலே இருப்பவன்தான் முதலில் இறங்கி வரவேண்டும். வீட்டிலும் இதுதான் என் கட்சி, ஆற்றிலும் இதுதான். இரண்டு அப்பாக்களுக்கு நடுவில் அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

இன்றைக்கே சம்பந்திக்குப் போன் போடுங்கள். "ஏப்ரலில் எந்த வாரம் வரட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். ஃபராக்கா என்ற பெயரே அந்தப் பேச்சில் வரக்கூடாது.