மின்கடத்தும் பல்பகுதியக் (பொலிமர்) கலவையால் மின்காந்த இடையூறைத் தடுக்கும் தாள் செய்ய முடியுமா?

செய்யலாம். ஆனால் தாள் மின்னைக் கடத்திவிட்டால் அலையையும் தடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். மட்டக்களப்பில் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எடுத்தது பொலிஅனிலீன் என்ற மின்கடத்தும் பல்பகுதியம். அனிலீனை 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அமோனியம் பேர்சல்பேற்றுக் கரைசலைத் துளித்துளியாக விட வேண்டும். ஒரு மோல் அனிலீனுக்கு 1.25 மோல் கணக்கு. தாக்கத்தில் சூடு ஏறும் என்பதால் 0 முதல் 5 பாகைக்குள் வைத்திருப்பது நல்லது. நம்மூர் வெயிலில் அதற்கு எங்கே போவது? மீன் பெட்டிக்குப் போடும் ஐஸை வாங்கி இடித்து, கல்லுப்புக் கலந்து, அந்தப் பேசினுக்குள் முகவையை இறக்கினேன். கரைசல் நீலமாகி, பிறகு கரும்பச்சையாக வந்தது. (அனிலீன் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் நஞ்சு. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடவே வேண்டாம்.)

பிழை விட்டது கழுவும்போது. ஐதான அமிலத்தால் கழுவ வேண்டியதை, சோம்பலில் கிணற்றுத் தண்ணீரால் மூன்று நான்கு தரம் கழுவினேன். பச்சை நீலமாகிவிட்டது. கடத்தலைத் தருவதே அந்த அமிலம்தான். அது போனால் தூள் வெறும் காவலி. நல்லவேளை, திரும்ப அமிலத்தில் ஊறவைக்கப் பச்சை வந்தது.

அந்தத் தூளை அரைத்து, சுடுதண்ணீரில் கரைத்த பொலிவைனைல் அற்ககோலோடு (தண்ணீரில் கரையும் ஒரு பிளாஸ்டிக்) கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவிட்டேன். தூள் குறைந்தால் துணிக்கைகள் ஒன்றையொன்று தொடாது, மின்னுக்குப் பாதை கிடைக்காது. கூடினால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சரி, தாள் வந்துவிட்டது என்ற பெருமையில் போனை அதில் சுற்றிவைத்து நண்பனை அழைக்கச் சொன்னேன். வழமை போல அடித்தது.

அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். தாளைச் சதுரமாக வெட்டி, எதிரெதிர் விளிம்புகள் இரண்டிலும் முழு நீளத்துக்கு வெள்ளிப்பூச்சுப் பூசி, மல்டிமீற்றரில் தடையைப் பாருங்கள். மெல்லிய தாளுக்கு, 188ஐ அந்தத் தடையால் வகுத்து, 1 கூட்டி, மடக்கை எடுத்து, 20ஆல் பெருக்கினால் தடுப்பு டெசிபெல்லில் வரும். என் தாள் காட்டியது 1000 ஓம், அதாவது ஒன்றரை டெசிபெல். சக்தியில் 99 சதவீதத்தைத் தடுக்கும் 20 டெசிபெல்லுக்குத் தடை ஏறக்குறைய 21 ஓமுக்கு இறங்க வேண்டும். காரீயத் தூளும் (ஈயமல்ல, பென்சிலில் இருக்கும் கிராபைற்று) சேர்த்து, தாளையும் தடிப்பாக்கினபோது 90 ஓம் வரை வந்தது, கிட்டத்தட்ட 10 டெசிபெல்.

போனை வைத்துச் சோதிப்பதை மட்டும் விடுங்கள். போன் கோபுரத்துக்குப் பக்கத்தில் 20 டெசிபெல் குறைந்தாலும் அது அடிக்கும்.