சிறுநீரகமும் புற்றுநோயும் ஒரே பட்டியலில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் உயிர்மருத்துவத்தில் பிஎச்.டி. சேரப் போகிறாள். கைடாக இருக்கச் சம்மதித்திருப்பவரின் கட்டுரைப் பட்டியலை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பாதி சிறுநீரகப் பாதிப்பு, மீதி புற்றுநோய். "எதிலும் நிலைக்காதவர் போலிருக்கிறது. ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்" என்கிறார் உறவினர் ஒருவர். அப்படித்தான் பார்க்க வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

என் பெரியப்பாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிய நாட்களில் கூட இருந்திருக்கிறேன். மருந்துக்கு முன்னால் சலைன், பின்னாலும் சலைன். நர்ஸ் வரும்போதெல்லாம் முதலில் கேட்பது மூத்திரம் எவ்வளவு போயிருக்கிறது என்றுதான். குடுவையில் அளந்து தாளில் எழுதி வைப்பது என் வேலை. வந்தது புற்றுநோய்க்கு, காவல் காத்தது சிறுநீரகத்துக்கு.

1965-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாவுக்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். பாக்டீரியா இரண்டாகப் பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போனது. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம். அந்த வழியில் வந்த சிஸ்பிளாட்டினுக்கு 1978-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடலில் பரவிவிட்ட விதைப்பைப் புற்றுநோயையும் பெரும்பாலும் குணமாக்க முடிந்தது இதனால்தான். ஆனால் சிறுநீரகத்தின் நுண்குழல் செல்கள் இதை ரத்தத்திலிருந்து உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொண்டு சாகின்றன. இந்த மருந்தை ஆராய்கிறவரின் பட்டியலில் இரண்டு நோயும் வராமல் எப்படி இருக்கும்?

இன்னொரு இழை இன்னும் ஆழமானது. நுண்குழலில் செல்கள் செத்து உதிர்ந்தால், பிழைத்த செல்கள் தங்கள் உருவத்தை விட்டுவிட்டுத் தட்டையாகப் பரவி, பிரிந்து பெருகி, ஓட்டையை அடைக்கின்றன. அந்தச் செல்களின் மேல் கிம்-1 என்ற புரதம் தோன்றுகிறது. நல்ல சிறுநீரகத்தில் அதைக் காண்பதே அரிது. எலிகளில் இதைக் காட்டிய கட்டுரை 1998-ல் வந்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஜோசப் பான்வென்ட்ரே அதில் ஒருவர். 2005-ல் அவருடைய குழுவே சிறுநீரகப் புற்றுக்கட்டியிலும் நோயாளிகளின் சிறுநீரிலும் அதே கிம்-1-ஐக் காட்டியது. காயத்தை ஆற்றப் பெருகும் செல்லிலும், அடங்காமல் பெருகும் செல்லிலும் ஒரே புரதம்! பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு 2005-ல் ஆள் துறை மாறிவிட்டார் என்று தோன்றும். அவர் கேட்டுக்கொண்டிருந்தது அதே கேள்வியைத்தான். 2018-ல் வந்த இன்னொரு கட்டுரை, இந்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐந்து ஆண்டுகள் வரை முன்பே ரத்தத்தில் கிம்-1 கூடியிருப்பதைக் காட்டியது.

இப்போது பெயர்களைப் பாருங்கள். 1998 கட்டுரையின் முதல் பெயர் தகஹாரு இச்சிமுரா. கிம்-1 இருக்கும் செல், செத்த பக்கத்துச் செல்லைப் பிடித்து விழுங்கிவிடுகிறது என்று 2008-ல் வந்த கட்டுரையிலும் முதல் பெயர் அவருடையதே. இந்தத் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் கையால் சோதனை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. பத்து வருஷம் கழித்தும் அதே புரதத்தோடு ஒருவர் இருந்திருக்கிறார். பட்டியல் வாசிக்கும்போது என் கண் முதலில் தேடுவது இதைத்தான்.

ஹெச்-இண்டெக்ஸ் 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. 40 என்றால், குறைந்தது 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று பொருள். அந்தக் கட்டுரைகளில் கைடு நடுவில் இருபதாவது பெயராக இருந்தாரா, மாணவரை எப்படி வளர்த்தார் என்பதெல்லாம் தெரியாது. உறவினர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், சரி. அந்த எண்ணை வைத்து ஐந்து வருஷத்தை முடிவு செய்ய வேண்டாம்.

பட்டியலின் முதல் கட்டுரை, சமீபத்திய கட்டுரை, நடுவில் சிறுநீரகத்திலிருந்து புற்றுநோய்க்குத் தாண்டிய கட்டுரை, இந்த மூன்றையும் மகள் படிக்கட்டும். முதல் பெயராக இருந்த மாணவர் ஒருவரிடமாவது பேசட்டும். அப்புறம் கைடையே நேரில் பார்த்து, தன் கையில் வரப்போவது எலியா, தட்டில் வளர்க்கும் செல்லா, நோயாளியின் சிறுநீரா என்று கேட்டு வரட்டும்.