மினிட்ஸில் ஓட்டுக் கணக்கு: மும்பை சொசைட்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

செப்டம்பர் 30-க்குள் ஃப்ளாட் சொசைட்டிகள் (வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்கள்) ஆண்டுப் பொதுக்கூட்டத்தை முடித்தாக வேண்டும். அதனால் இப்போது என்னிடம் வருவதெல்லாம் மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு பற்றிய கேள்விகள்தான். செம்பூரில் எங்கள் சொசைட்டிக்கு ஒன்பது வருடம் செயலாளராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முலுண்டிலிருந்து ஒரு புதிய செயலாளர்: சார், எல்லாரும் தலையாட்டினார்கள். 'ஏகமனதாக' என்று எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று சேர்மன் வாய்விட்டுக் கேட்கட்டும். ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் தனித்தனியாகக் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் ஆதரித்தால்தான் அந்த வார்த்தை.

நான் பொறுப்பேற்பதற்கு முன்னால், லிப்ட் மாற்றுவது பற்றி எங்கள் புத்தகத்தில் "உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டனர்" என்று ஒரே வரிதான் இருந்தது. எவ்வளவு தொகை, தரைத்தள வீடுகளும் பங்கு தர வேண்டுமா, எத்தனை பேர் எதிர்த்தார்கள், ஒன்றுமே இல்லை. வசூலுக்குப் போனால் "நான் எங்கே சம்மதித்தேன்?" என்றார்கள். அந்தப் பக்கத்தைக் காட்டி என்னால் பதில் சொல்லவே முடியவில்லை. அதற்கப்புறம் நான் எழுதிய முறை இது:

"தீர்மானம் 4: லிப்ட் மாற்ற ரூ. 9,40,000 வரை செலவிடுவது. எல்லா வீடுகளும் சமமாகப் பகிர்வது. முன்மொழிந்தவர் ஃப்ளாட் 302, வழிமொழிந்தவர் ஃப்ளாட் 104. ஆதரவு 21, எதிர்ப்பு 6, நடுநிலை 3. நிறைவேறியது."

மூன்றையும் கூட்டினால் 30. அப்போது கூட்டத்தில் இருந்த ஓட்டுரிமையுள்ளவர்களின் எண்ணிக்கையும் 30 ஆக இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டிருந்தாலும் அந்த வீட்டுக்கு ஓட்டு ஒன்றுதான். பாதியில் கிளம்பியவர் இருந்தால் அந்த நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து: ஓட்டு சமமாகிவிட்டால்? பையனை அனுப்பி ஓட்டுப் போடச் சொல்லலாமா?

சமமானால் சேர்மனுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. 1960-ஆம் வருடத்து மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கச் சட்டம் அதைச் சொல்கிறது. "11–11, சேர்மன் தன் நிர்ணய ஓட்டை ஆதரவாக அளித்தார்" என்று தனியாக எழுதுங்கள். அதே சட்டத்தின்படி உறுப்பினர் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். உறுப்பினர் அல்லாத பையன் தூக்கிய கையை எண்ணக் கூடாது.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி: கமிட்டிக் கூட்டத்தில் நான் எதிர்த்தேன். மினிட்ஸில் என் பெயரே இல்லையே?

மாமி, அடுத்த கூட்டத்தில் அந்த மினிட்ஸைப் படித்து உறுதிசெய்யும்போது எழுந்து சொல்லுங்கள். திருத்தம் அன்றைய மினிட்ஸில் பதிவாகட்டும். பழைய பக்கத்தை அடித்து எழுத விடாதீர்கள். நாளை நஷ்டம் வந்தால் கமிட்டியில் எல்லாரையும்தான் கேட்பார்கள். எதிர்த்தது எழுத்தில் இருந்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. இனிமேல் ஓட்டெடுப்பு முடிந்த கையோடு "என் எதிர்ப்பைப் பெயரோடு பதியுங்கள்" என்று கேட்டுவிடுங்கள்.

செம்பூரிலேயே ஒருவர்: பைலா (சொசைட்டியின் துணைவிதிகள்) திருத்தத்துக்கு எத்தனை ஓட்டு வேண்டும்? யார் என்ன பேசினார் என்பதையும் எழுத வேண்டுமா?

வந்திருந்து ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நடுநிலை இந்தக் கணக்கில் வராது, அதனால்தான் அதைத் தனியாக எழுதச் சொல்கிறேன். பேச்சையெல்லாம் எழுத வேண்டாம். முடிவு என்ன, யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்பது போதும்.