பதினொன்றா, எட்டா?

கேள்வி: நாங்கள் மாம்பழக்கூழ் டின் வியாபாரம் செய்கிறோம். 'கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ்' என்று கூகுளில் தேடினால் போன மாதம் எங்கள் இணையதளம் மூன்றாவதாக வந்தது. இப்போது பதினொன்று. ஓசூரில் இருக்கும் என் தம்பி தேடினால் எட்டு. 'நிரந்தரமாக முதலிடம் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

உங்கள் பதினொன்றும் சரி, தம்பியின் எட்டும் சரி. தேடுகிறவர் எந்த ஊரில் நிற்கிறார், எந்த மொழியில் தேடுகிறார் என்பதைப் பொறுத்து வரிசை மாறும். அதனால் போனில் தேடிப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம். தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் 'சர்ச் கன்சோல்' என்ற கருவி இலவசம். உங்கள் பக்கம் தேடலில் எத்தனை தடவை கண்ணில் பட்டது, எத்தனை தடவை அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள், சராசரி இடம் என்ன என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். போன வருஷத்து ஜூனையும் இந்த ஜூனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே மாதத்தையும் நவம்பரையும் ஒப்பிடாதீர்கள். தோத்தாபுரி ரகப் பழம் மண்டிக்கு வந்து குவியும் நாட்களில் மாம்பழம் பற்றிப் புதுப் பக்கங்களும் குவியும். நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே பின்னால் போவீர்கள்.

அப்புறம், எந்தப் பக்கத்தை முன்னால் காட்டுவது என்று கூகுள் போடும் கணக்கையே அது அவ்வப்போது மாற்றுகிறது. வருஷத்துக்குச் சில தடவை பெரிய மாற்றம் வரும். 2024 மார்ச்சில் தொடங்கிய ஒன்று முழுதாகப் பரவ 45 நாள் பிடித்தது. அந்த நாட்களில் காலையில் ஐந்து, சாயங்காலம் பன்னிரண்டு என்று ஆடுவது சகஜம். மாற்றம் முடிந்து ஒரு வாரமாவது போகட்டும், பிறகு கணக்குப் பாருங்கள்.

நாமே இழுத்துக்கொள்ளும் சரிவும் உண்டு. தருமபுரியில் ஒரு புளி வியாபாரியின் தளத்தை நான் புதிதாக்கிக் கொடுத்தபோது பக்கங்களின் முகவரிகளையும் மாற்றினேன். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பத்தைப் போடவில்லை. பத்து நாளில் அவர் தளம் தேடலில் காணாமல் போனது. புளி சீசனில் அவருக்கு ஆர்டர் நின்ற வலி எனக்கு இன்னும் இருக்கிறது. திருப்பம் போட்ட பிறகும் பழைய இடத்துக்கு வர இரண்டு மாதம் ஆனது. உங்கள் தளத்தில் சமீபத்தில் யாராவது கைவைத்தார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

நீங்கள் அனுப்பிய தளத்தையும் பார்த்தேன். 'தரமான கூழ், நியாயமான விலை' என்று நான்கு இடத்தில் இருக்கிறது. 850 கிராம் டின்னா, 3.1 கிலோ டின்னா, தோத்தாபுரியா அல்போன்சாவா, சர்க்கரை சேர்த்ததா, குறைந்தது எத்தனை பெட்டி எடுக்க வேண்டும் என்பது எங்கும் இல்லை. பெங்களூரில் ஜூஸ் கடை வைத்திருப்பவர் தேடுவது இதைத்தான். இந்த வாரம் அதை எழுதிப் போடுங்கள். போட்டுவிட்டு ஒரு மாதம் எதையும் மாற்றாமல் விடுங்கள்.