வாளுக்கு ஒரு ஊர், உறைக்கு ஒரு ஊர்

கேள்வி: மஸ்கட்டில் ஒரு பழம்பொருள் கடையில் வளைந்த அரபு வாள் வாங்கினேன். உறை முழுக்க வெள்ளித் தகடு. அலகில் உள்ள முத்திரையை "அசதுல்லா, இஸ்ஃபஹான்" என்று நண்பர் படித்தார். ஓமானில் செய்தது, 300 ஆண்டு பழையது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: வயதை விடுங்கள், முதலில் ஊரைப் பார்ப்போம். அலகு, கைப்பிடி, உறை மூன்றையும் தனித்தனிப் பொருள்களாக எண்ணுங்கள். அரேபியாவில் நல்ல அலகு தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். கைப்பிடியும் உறையும் மாறிக்கொண்டே இருக்கும்.

அசதுல்லா, பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் (ஆட்சி 1588–1629) காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இஸ்ஃபஹான் கொல்லர். அவர் பெயர் பொறித்த வாள்கள் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்காதவை. புகழுக்காகப் பின்னால் வந்தவர்களும் பொறித்தார்கள். முத்திரையை விட எஃகைப் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் நீரலை போன்ற வரிகள் தெரிந்தால் அது ஊட்ஸ், அதாவது மூசையில் உருக்கிய பழைய வகை எஃகு. பாரசீக அல்லது இந்திய அலகாக இருக்க வாய்ப்பு அதிகம். வரியே இல்லாமல் ஓடும் ஓநாய்க் குறி இருந்தால் ஜெர்மனியின் சோலிங்கனை நினையுங்கள். ஆனால் அந்தக் குறியையும் பலர் போலியாகப் பொறித்திருக்கிறார்கள்.

ஓமானின் கத்தாரா என்ற வாள் நேரானது, இருபுறமும் கூரானது, கைக்காப்பு இல்லாதது. உங்களுடையது வளைந்திருப்பதால் மட்டும் ஓமானியர் அணியவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெள்ளி வேலையைக் கூர்ந்து பாருங்கள். தகடு முழுக்க இடைவெளியின்றி இலையும் பூவும் கொடியும் புடைத்து, கைக்காப்பிலிருந்து பிடியின் தலைக்கு ஒரு சங்கிலியும் தொங்கினால் எனக்கு முதலில் ஹைதராபாத்தான் நினைவுக்கு வரும். நிஜாமின் படையில் ஏமனின் ஹத்ரமவுத் பகுதி அரபு வீரர்கள் இருந்தார்கள்; அவர்கள் குடியிருந்த பார்க்காஸ் பகுதி இன்றும் அங்கே இருக்கிறது. அவர்கள் ரசனைக்கு அந்த நகரின் தட்டார்கள் செய்த வாள்களும் ஜம்பியா எனும் வளைந்த குத்துவாள்களும் அரேபியா வரை போயின. வெள்ளிக் குருமணிகளும் முறுக்குக் கம்பியும் மிகுந்திருந்தால் அரேபியத் தீபகற்பத்துக் கைவேலையாக இருக்கலாம்.

உறை இந்த வாளுக்கே உரியதா? மெல்லிய மூங்கில் குச்சியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்து, அலகின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். நான்கு விரல் அகலம் மிஞ்சினால் இரவல் உறை என்றே கொள்ளலாம். கைக்காப்பிலிருந்து அலகின் பக்கம் நீளும் நாக்கு உறையின் வாயில் கச்சிதமாக உட்காருகிறதா என்றும் பாருங்கள்.

உருவும்போது உறையை முதுகுப்புறமாக மட்டும் தாங்குங்கள். விரல்களால் சுற்றிப் பிடிக்கவே வேண்டாம். வெள்ளிக்குள் இருக்கும் பழைய மரம் பிளந்து, கூர் தையலையும் அறுத்திருந்தால் உள்ளங்கை போய்விடும். புளி, எலுமிச்சை, பாலிஷ் எதையும் எஃகின்மேல் தடவாதீர்கள். அந்த வரிகள் கெட்டுப்போகலாம்.

படம் அனுப்பும்போது உறையின் பின்புறத்தையும் எடுங்கள். எல்லோரும் முன்புறத்தை மட்டும் அனுப்புகிறார்கள். தையலும் ஒட்டுப்போட்ட இடங்களும் பின்னால்தான் இருக்கின்றன.