24 அணிகள், ஒரே நாள்: நாக் அவுட் வேண்டாம்

வணக்கம். 24 பள்ளி அணிகள், இரண்டு களங்கள், ஒரே நாளில் ரோபோ போட்டி. நேரம் போதாது, முதல் ஆட்டத்திலிருந்தே நாக் அவுட் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைகள், பேட்டரி வயர் ஒன்று கழன்றதற்காகக் காலை பத்தரைக்கே மூட்டை கட்டியதை நேரில் பார்த்தவன் நான். அந்த முகங்கள் மறக்கவில்லை.

நேரம் போதும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற பள்ளி மாணவர் ரோபோ போட்டியின் முறையில் ஓர் ஆட்டத்தில் நான்கு அணிகள், இரண்டுக்கு இரண்டு கூட்டணியாக. ஆட்டம் இரண்டரை நிமிடம்தான். அணிக்கு 5 ஆட்டம் என்றால் மொத்தம் 30. களங்களை மாற்றி மாற்றி, ஏழு நிமிடத்துக்கு ஒன்று என நடத்தினால் மூன்றரை மணி நேரம். சாப்பாட்டுக்குப் பிறகு, முதலிடங்களில் உள்ளவர்கள் கூட்டணி சேர்ந்து அரையிறுதி, இறுதி. ஓர் அணிக்கு அடுத்தடுத்து ஆட்டம் விழாமல் அட்டவணை போடுங்கள். பழுது பார்க்க மூச்சு விட வேண்டுமே.

தாமதம் பெரும்பாலும் ரோபோ பரிசோதனையில்தான் (ரோபோ விதிப்படி இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் பார்ப்பது) வரும். முடிந்தால் அதை முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு இரண்டு சிறிய சுற்றுகளாகப் பிரிக்கப் பாருங்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அதே ஃபர்ஸ்ட் அமைப்பின் இன்னொரு போட்டியான ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியை 2009இல் அப்படித்தான் மாற்றினார்கள்: அணிக்கு இரண்டு மாவட்டப் போட்டிகள், ஒவ்வொன்றிலும் 12 தகுதி ஆட்டங்கள், சேர்ந்த புள்ளிகளை வைத்து மாநிலத் தேர்வு. முதலில் சறுக்கிய அணி, பிழையைத் திருத்திக்கொண்டு மறுபடி வரலாம்.

பரிசோதனைப் பட்டியல் தமிழில் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் சொல்லுங்கள், இங்கேயே போடுகிறேன்.