நுரையீரல் செல்களின் மரபணுவைக் காசநோய் மாற்றிவிடுமா?

கேள்வி: கோத்தகிரியை அடுத்த தேயிலைத் தோட்டப் பகுதியில் வசிக்கிறேன். வயது 34. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்து 3 மாதமாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இருமல் நின்று எடையும் கூடியிருக்கிறது. அவருக்கு நோய் உறுதியான அதே வாரத்தில் வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். எனக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்த்ததில் தடிப்பு வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. 9 வயது மகனுக்கும், சர்க்கரை நோய் உள்ள மாமியாருக்கும் தடிப்பு வரவில்லை. எனக்குத் தடுப்பு மாத்திரை சாப்பிடச் சொல்லியும் இன்னும் தொடங்கவில்லை. காசநோய்க் கிருமி நுரையீரலில் உள்ள எதிர்ப்புச் செல்களின் மரபணுவையே மாற்றிவிடும் என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கமில்லை. என் மரபணு மாறியிருக்குமா? பிள்ளைகளுக்கும் அது போகுமா? உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு? ஒரே வீட்டில் இருந்தும் மாமியாருக்கு எப்படி ஒட்டவில்லை?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்களை அதிகம் வருத்தும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மரபணு மாறவில்லை. காசநோய்க் கிருமி நுழைந்த செல்லில் மாறுவது மரபணுக்களின் செயல்பாடு மட்டுமே. அதுவும் நுரையீரலிலும் இரத்தத்திலும் உள்ள எதிர்ப்புச் செல்களோடு நின்றுவிடுகிறது. கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ அது போவதில்லை. ஆகவே உங்கள் மகனுக்கும், இனி பிறக்கக்கூடிய குழந்தைக்கும் இதனால் எந்தக் குறையும் வராது. காசநோய் பரம்பரை நோய் அன்று. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதற்குக் காரணம், அவர்கள் ஒரே அறையின் காற்றைச் சுவாசிப்பதுதான். கிருமியை எதிர்க்கும் திறனில் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே சிறு வேறுபாடுகள் இருப்பது உண்மை. ஆனால் அதைக் காரணம் காட்டி ஒரு குடும்பத்தை ஒதுக்குவதற்கும், பெண் கொடுக்க மறுப்பதற்கும் மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

நீங்கள் படித்த செய்தியில் உண்மை இல்லாமலும் இல்லை. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால், உங்களுக்கு மாத்திரை ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் விளங்கும். மனித செல் ஒவ்வொன்றிலும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 இருக்கின்றன. கண்ணில் உள்ள செல்லுக்கும் கல்லீரலில் உள்ள செல்லுக்கும் இந்தத் தொகுப்பு ஒன்றேதான். வீட்டில் எல்லா அறைகளிலும் விளக்குப் பொருத்தியிருந்தாலும் தேவைப்படும் அறையில் மட்டும் விளக்கைப் போடுவதுபோல, ஒவ்வொரு செல்லும் தன் வேலைக்கு வேண்டிய மரபணுக்களை மட்டுமே இயக்குகிறது. கிருமி உள்ளே வந்ததும் சில மரபணுக்கள் புதிதாக இயங்கத் தொடங்குகின்றன, சில நின்றுபோகின்றன. மரபணுவில் எழுதியிருப்பது மாறுவதில்லை.

இந்த மாற்றம் முதலில் நடக்கும் இடம் நுரையீரலின் காற்று நுண்ணறைகள். மனித நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் குடியிருக்கின்றன. நாம் நாள் முழுவதும் இழுக்கும் தூசியையும், புகைத் துகளையும், நுண்ணறையின் உள்ளே பூசியிருக்கும் கொழுப்புப் படலத்தின் பழைய பகுதியையும் விழுங்கி அகற்றுவது இவற்றின் அன்றாட வேலை. ஒவ்வொரு தூசிக்கும் இவை அழற்சியைக் கிளப்பினால் நுண்ணறை வீங்கி மூச்சு முட்டிவிடும் என்பதால், இயல்பிலேயே இவை அடக்கமாக வேலை செய்யும்படி அமைந்தவை. மற்ற நாளில் நம்மைக் காக்கும் இந்த அடக்கமே காசநோய்க் கிருமிக்கு வாய்ப்பாகிவிடுகிறது.

கிருமியை விழுங்கியவுடன் இந்தச் செல்களில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று எலிகளின் நுரையீரலிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019ஆம் ஆண்டில் வெளியானது. எச்சரிக்கை விடுக்கும் மரபணுக்கள் உடனே இயங்கியிருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் முதல் நாளில் ஓங்கி இயங்கியவை, செல் தன்னையே ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காத்துக்கொள்ளும் மரபணுக்கள்; அவற்றை நடத்துவது என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம். அழற்சியைத் தூண்டி மற்றச் செல்களை அழைக்கும் மரபணுக்கள் பல நாள் கழித்தே வலுப்பெற்றன. அந்தப் புரதம் இல்லாதபடி செய்த செல்களில் கிருமியின் பெருக்கம் தொடக்கத்தில் குறைவாக இருந்தது. கிருமி நுழைந்த முதல் நாள்களில் நுரையீரல் ஏன் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை என்பதற்கு நான் அறிந்த விளக்கங்களில் மிகத் தெளிவானது இதுவே.

கிருமியும் இந்த அமைதியைத் தன் பங்குக்கு நீட்டிக்கிறது. விழுங்கப்பட்ட பொருளை ஓர் உறையில் வைத்து, அந்த உறையைச் செரிமான அமிலமும் நொதிகளும் உள்ள மற்றோர் உறையோடு இணைப்பதே மேக்ரோபேஜின் வழக்கம். காசநோய்க் கிருமி அந்த இணைப்பைத் தடுத்துவிட்டு, உள்ளேயே ஏறத்தாழ 20 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. பிறகு தன் புரதங்களால் உறையைக் கிழிக்கிறது. அந்தக் கிழிசல் வழியாகக் கிருமியின் டி.என்.ஏ. வெளியே வந்ததும், செல் அதை வைரஸ் தாக்குதலின்போது உணர்வதுபோலவே உணர்ந்து, முதல் வகை இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. வைரஸுக்கு எதிராக நமக்கு உதவும் இந்தப் பொருள், காசநோயில் அளவு மீறினால், கிருமியைக் கட்டுப்படுத்தத் தேவையான இன்டர்லூக்கின் 1 என்ற பொருளை அடக்கி, நோயை முற்றச் செய்கிறது.

நிலைமை மாறுவது, கிருமியைச் சுமந்த செல்கள் நெஞ்சில் உள்ள நிணநீர்க் கணுக்களை அடைந்து, அங்கே டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் கிருமியை அடையாளம் காணப் பழகி நுரையீரலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற வேறொரு வகை இன்டர்ஃபெரான் பட்டதும், விழுங்கு செல்லில் முன்பு நின்றிருந்த நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்கி, தடைப்பட்ட உறைகள் இணைந்து, கிருமியைக் கொல்லும் பொருள்கள் உருவாகின்றன. செல் பயன்படுத்தும் எரிபொருளும் அதன் திறனைக் காட்டுகிறது: எலிகளில் கொழுப்பை எரிக்கும் நுண்ணறை மேக்ரோபேஜ்களில் கிருமி எளிதாக வளர்கிறது, இரத்தத்திலிருந்து புதிதாக வந்து சர்க்கரையை எரிக்கும் மேக்ரோபேஜ்களில் வளரத் திணறுகிறது. மனிதர்களில் டி செல்களின் இந்த எதிர்வினை உருவாக 2 முதல் 8 வாரம் வரை ஆகிறது. உங்கள் கையில் வந்த தடிப்பு, உங்கள் டி செல்கள் இந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்துவிட்டன என்பதற்கு அடையாளம். கிருமி முழுதும் ஒழிந்துவிட்டதா, எங்கோ சில உயிரோடு ஒடுங்கிக் கிடக்கின்றனவா என்பதை அந்தத் தடிப்பு சொல்லாது. எக்ஸ்ரேயும் சொல்லாது.

மாத்திரை எதற்கு என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தொற்று ஏற்பட்டவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் என்றாவது நோய் வெளிப்படுகிறது. அந்த ஆபத்து முதல் 2 ஆண்டுகளில்தான் மிக அதிகம். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த நீங்கள் இப்போது அந்தக் காலத்துக்குள் இருப்பதாகவே கொள்ள வேண்டும். உடல் நன்றாக இருக்கிறது என்ற உணர்வை நம்பி இருந்துவிட முடியாது. செல்கள் எச்சரிக்கை விடுக்காமல் இருப்பதும், அவை கிருமியை வென்றிருப்பதும் உங்களுக்கு ஒரே மாதிரிதான் தோன்றும். ஆகவே தயங்காமல் தொடங்குங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரம் ஐசோனியசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்துச் சாப்பிடும் முறையோ, தினமும் ஐசோனியசிட் மட்டும் 6 மாதம் சாப்பிடும் முறையோ உங்களுக்குத் தரப்படும். கணவரின் சளியில் இருந்த கிருமி இம்மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகைதானா என்பதைப் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை எதிர்க்கும் வகையாக இருந்தால் உங்களுக்கான மருந்தும் வேறாகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், ரிஃபாபென்டின் அதன் பலனைக் குறைத்துவிடும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி வேறு வழியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் பசியே இல்லாமல் போவது, தொடர் வாந்தி, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கணவரைப் பற்றியும் ஆறுதலாக ஒன்று சொல்ல முடியும். காசநோயாளிகளின் இரத்தத்தில் முதல் வகை இன்டர்ஃபெரானால் தூண்டப்பட்ட மரபணுக்கள் ஓங்கி நிற்பதை, லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிகிச்சை தொடங்கிய 2 மாதத்திலேயே அந்த மரபணுக்களின் இயக்கம் தணியத் தொடங்கியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. அவர் உடலிலும் இப்போது அதுவே நடந்துகொண்டிருக்கும். இப்படி 16 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, யாருக்கு நோய் வரப்போகிறது என்பதை ஓராண்டுக்கு முன்பே ஓரளவு கணிக்கலாம் என்று 2016இல் தென்னாப்பிரிக்க இளைஞர்களிடம் செய்த ஆய்வு தெரிவித்தது. நம் மருத்துவமனைகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது வரவில்லை. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் இன்றும் நமக்கு வழிகாட்டுகின்றன. இருமல் நின்றதால் மாத்திரை போதும் என்று அவர் நினைத்துவிடாமல், 6 மாதத்தையும் முழுமையாக முடிக்க வையுங்கள்.

நம் மலை வாழ்க்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடி மாதத்து மழையிலும் மார்கழிப் பனியிலும் லைன் வீடுகளில் சன்னலை இறுகச் சாத்தி, விறகடுப்பின் பக்கத்திலேயே குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். குளிர் காசநோயைத் தருவதில்லை. மூடிய அறையில் தேங்கும் காற்றுதான் கிருமியை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டுபோகிறது. விறகுப் புகையும் பீடி, சிகரெட் புகையும், நான் மேலே சொன்ன அதே மேக்ரோபேஜ்களைத் துகள்களால் நிரப்பி, கிருமி வரும்போது அவற்றின் எதிர்வினையை மங்கச் செய்கின்றன. பகலில் வெயில் வரும் நேரத்திலாவது எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். சமையல் புகை வெளியேற வழி செய்யுங்கள். மலைக்காற்றே காசநோயைக் குணமாக்கும் என்று நம்பி ஒரு காலத்தில் சமவெளியிலிருந்து நோயாளிகளை மலைக்கு அனுப்பியதுண்டு. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், முறையாக மருந்து சாப்பிட்டால் நெருக்கமான வீட்டிலேயே இருந்தாலும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியிருப்பவருக்கு நிகராகக் குணமாகலாம் என்பதை 1959இல் நிரூபித்து, உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. ஆகவே காற்றை நம்பி மாத்திரையை விட வேண்டாம்.

உணவு இதே அளவு முக்கியம். மெலிந்த உடலில் டி செல்களும் குறைகின்றன, அவை சுரக்கும் பொருள்களும் குறைகின்றன. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் கொடுத்துப் பார்த்ததில், அவர்களிடம் புதிதாக நோய் வருவது கிட்டத்தட்ட 40 விழுக்காடு குறைந்ததாக 2023இல் முடிவு வெளியானது. உணவுக் குறைபாடுகளைப் பற்றிய இந்தியாவின் முன்னோடி ஆய்வுக்கூடம் நம் குன்னூரில்தான் இருந்தது. 1958இல் அது ஐதராபாத்துக்குப் போனது. அந்த மலைக்கு அருகில் வாழ்பவர்கள் தேநீரும் வரிக்கியுமாகக் காலை உணவை முடித்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. முட்டை, பருப்பு, நிலக்கடலை, அவரை, பால் ஆகியவற்றில் கையில் கிடைப்பதைத் தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சையில் இருக்கும் உங்கள் கணவருக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியாக வங்கிக் கணக்கில் போடுகிறது. வந்திருக்கிறதா என்று பாருங்கள். எதிர்ப்புச் சக்திக்கு என்று விற்கும் வைட்டமின் டி மாத்திரைகளுக்குச் செலவழிக்க வேண்டாம். மங்கோலியாவில் பள்ளிக் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தும் காசநோய்த் தொற்று குறையவில்லை.

மகனுக்குத் தடிப்பு வராதது நல்ல செய்தி. ஆனால் டி செல்களின் எதிர்வினைக்கு 8 வாரம் வரை ஆகலாம் என்பதால், கணவருக்கு நோய் உறுதியான அதே வாரத்தில் செய்த பரிசோதனையை முடிவாகக் கொள்ள முடியாது. இப்போது 3 மாதம் ஆகிவிட்டதால் இன்னொரு முறை செய்து பார்த்துவிடுங்கள். அவன் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசி, சிறு வயதில் மூளைக்கும் உடல் முழுவதற்கும் பரவும் கடுமையான காசநோயிலிருந்து அவனைப் பாதுகாத்திருக்கும். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்க அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மாமியாருக்குத் தொற்றே ஏற்படாமல் இருக்கலாம். நெருங்கிப் பழகியும் கிருமி பற்றாதவர்கள் உண்டு. ஆனால் வயதானவர்களிடம் தொற்று இருந்தும் தடிப்பு வராமல் போவதும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். சர்க்கரை கூடிய எலிகளில் கிருமியைச் சுமந்த செல்கள் நிணநீர்க் கணுவை அடைவதே தாமதமாகிறது என்று கண்டிருக்கிறார்கள். டி செல்கள் வருவதும் அதனால் தள்ளிப்போகிறது. ஆகவே தடிப்பு வரவில்லை என்பதோடு விட்டுவிடாமல் அவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, 3 மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். 2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பனிக்கு வந்த இருமல் என்று இருந்துவிடாமல், கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கே அழைத்துச் சென்று சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அங்கே அதற்குக் கட்டணம் இல்லை.